பொதிகை மலையின் முதனிகள்: வகைப்பாட்டின் வரலாறு

தாமிரபரணி பிறக்கும் பொதிகை மலையின் கிழக்குச் சரிவில் ஐந்து வகை முதனிகள் வாழ்கின்றன: தேவாங்கு, நாட்டுக்குரங்கு, சோலைமந்தி எனப்படும் சிங்கவால் குரங்கு, சாம்பல் மந்தி, கருமந்தி. தமிழ்நாட்டின் தென்கோடியில் மனிதரை விட்டால் முதனிகள் இவ்வளவே. ஐந்தும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. பாபநாசம் கோயில் வாசலில் நாட்டுக்குரங்கு கையில் இருப்பதைப் பறிக்கும். முண்டந்துறையின் இலையுதிர் காட்டில் சாம்பல் மந்தி கூட்டமாகத் திரியும். மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சியின் பசுமைமாறாக் காட்டில் கருமந்தியும் சோலைமந்தியும் மர உச்சிகளில் வாழும். தேவாங்கைப் பார்க்க இரவு வரவேண்டும். இவற்றில் எது எதற்கு உறவு என்று முடிவு செய்ய அறிவியலுக்கு 250 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. மயிரின் நிறத்தையும் வாலின் நீளத்தையும் நம்பிச் செய்த முடிவுகள் பலமுறை பிழைத்தன. பல்லும் வயிறும் விரலும், பின்னர் மரபணுவும் அவற்றைத் திருத்தின.

தமிழில் இதற்கான பழைய பதிவு தொல்காப்பியத்தின் மரபியலில் இருக்கிறது. குரங்கு, முசு, ஊகம் என மூன்றைப் பிரிக்கும் அந்நூல், மூன்றின் பெண்ணுக்கும் மந்தி என்ற ஒரே பெயரை விதிக்கிறது. முசுவை இன்றைய சாம்பல் மந்தியாகவும் ஊகத்தைக் கருங்குரங்காகவும் அகராதிகள் கொள்கின்றன. வெவ்வேறு என்று தெரிந்தும் மூன்றையும் ஒரே கூட்டத்தில் வைத்த பார்வை அது. தேவாங்கு அந்தக் கூட்டத்தில் இல்லை.

ஐரோப்பிய வகைப்பாட்டின் தொடக்கம் 1758. அவ்வாண்டு வெளிவந்த தம் நூலின் பத்தாம் பதிப்பில் சுவீடன் அறிஞர் லின்னேயஸ் முதனிகளுக்குத் தனி வரிசை வகுத்தார். மனிதனை அதில் முதலிடத்தில் வைத்தார். வௌவாலையும் அதிலேயே சேர்த்தார். மார்பில் இரண்டு முலைகள் உண்டா என்பது அவர் பார்த்த அடையாளங்களுள் ஒன்று, வௌவாலுக்கும் அது உண்டு. ஒற்றை உறுப்பை வைத்து உறவை முடிவு செய்வதன் ஆபத்து அங்கேயே தெரிந்துவிட்டது. 1873இல் இங்கிலாந்து உடற்கூற்றாளர் மைவார்ட் இதற்கு மாற்றுக் கண்டார். கண்குழியைச் சுற்றிய எலும்பு வளையம், காறையெலும்பு, மூவகைப் பல், எதிர்கொள்ளும் பெருவிரல், அதில் தட்டை நகம் எனப் பல பண்புகளை ஒருங்கே கேட்டார். ஒவ்வொன்றும் வேறு விலங்குகளில் தனித்தனியே இருக்கலாம். எல்லாம் சேர்ந்து இருப்பது முதனிகளிடம்தான். அந்த அணுகுமுறை இன்றும் அடிப்படையாக நிற்கிறது.

மைவார்டின் பட்டியலை வைத்துப் பார்த்தால் தேவாங்கு முதனியே. ஆனால் மற்ற நான்கிலிருந்து அது வெகுதூரம் விலகியது. அதன் மூக்கு நுனி ஈரமானது. கீழ்த்தாடை முன்பற்கள் முன்னோக்கிச் சாய்ந்து சீப்புப்போல் நெருங்கி நிற்கின்றன. காலின் இரண்டாம் விரலில் மட்டும் மயிர் கோதும் கூர்நகம். கையின் சுட்டுவிரல் சிறுத்துப்போயிற்று. கண்ணின் பின்திரையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. டார்ச் வெளிச்சத்தில் அதன் கண் செந்தணலாக மின்னுவது அதனால்தான். பற்கள் 36, நமக்கும் குரங்குகளுக்கும் 32. இன்னொரு வேறுபாடு வெளியே தெரியாது: தேவாங்கின் உடல் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். நாட்டுக்குரங்காலும் மனிதனாலும் அது முடியாது. ஈரமூக்கு முதனிகள் என்ற பிரிவை 1812இல் பிரான்சின் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் வகுத்தார். உலர்மூக்கு முதனிகளுக்கு 1918இல் ஆர். ஐ. போகாக் பெயரிட்டார். ஆக, பாபநாசத்து நாட்டுக்குரங்கு பரிணாம உறவில் தேவாங்கைவிட நமக்கு நெருக்கமானது. இரு கிளைகளும் பிரிந்து 6 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

எஞ்சிய நான்கில்தான் நிறம் கண்ணை ஏமாற்றுகிறது. காக்காச்சியில் சோலைமந்தியும் கருமந்தியும் ஒரே மரத்தில் இருந்தால் புதியவருக்கு இரண்டும் கருப்புதான்; ஒன்றின் முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரி, மற்றதன் தலையில் வெளிர்பழுப்பு மயிர் என்பதைத் தவிர அவசரத்தில் எதுவும் தெரியாது. ஆனால் வெடிப்பலா மரத்தில் அவை உண்பதைக் கவனித்தால் உள்ளுறுப்புகளின் கதை புரியும். சோலைமந்தி வெடிப்பலாவின் விதைகளைத் தோண்டித் தின்னும், பழத்தைக் கன்னப்பையில் அடக்கும், இடையிடையே பூச்சி தேடும். நாட்டுக்குரங்குக்கும் அதே கன்னப்பை, அதே எளிய ஒற்றை வயிறு. கருமந்திக்கும் சாம்பல் மந்திக்கும் கன்னப்பை கிடையாது. அவற்றின் வயிறு பல அறைகளாகப் பிரிந்தது; அங்கே நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கச் செய்கின்றன. இலையை அரைக்க வாகாகக் கடைவாய்ப் பற்களின் மேடுகள் உயர்ந்திருக்கும். கைப்பெருவிரல் குறுகியிருக்கும். நிறத்தால் பிரித்தால் கருப்பு இரண்டும் ஒரு பக்கம் போகும். வயிற்றால் பிரித்தால் சோலைமந்தியும் நாட்டுக்குரங்கும் ஒரு குடும்பக்கிளை, மந்திகள் இரண்டும் இன்னொரு கிளை. உண்மை உறவு இரண்டாவதுதான்.

நிறத்தால் வந்த குழப்பம் நூல்களிலும் ஏறியது. லின்னேயஸ் 1758இல் சோலைமந்திக்குப் பெயரிட்டபோது அதன் நாடு இலங்கை என்று எழுதினார். இலங்கையில் அது இருந்ததே இல்லை. சிங்களவர் தம் நாட்டு மந்திக்கு வழங்கும் பெயரைப் பிரெஞ்சு அறிஞர் பியூஃபோன் சோலைமந்திக்குச் சூட்ட, ஐரோப்பிய நூல்கள் வெகுகாலம் அதையே திருப்பி எழுதின. சோலைமந்தியின் உண்மை உறவினரை 1975இல் ஜாக் ஃபூடன் தெளிவாகக் காட்டினார். சோலைமந்தியும் நாட்டுக்குரங்கும் அடங்கும் மக்காக் குரங்குகளைப் பிரிக்க அவர் முக்கியமாகப் பயன்படுத்திய பண்பு ஆண்குறியின் வடிவம். அதன்படி சோலைமந்தியின் நெருங்கிய சொந்தம் வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழும் பன்றிவால் குரங்குகள். பக்கத்திலேயே வாழும் நாட்டுக்குரங்கின் சொந்தமோ இலங்கையின் செங்குரங்கு. மரபணு ஆய்வுகள் இந்தப் பகுப்பை உறுதி செய்தன. 2015இல் ஹைதராபாத் ஆய்வாளர்களைக் கொண்ட குழு ஒன்று, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள சோலைமந்திகள் மரபணுவில் நெடுங்காலமாகப் பிரிந்து நிற்பதையும் காட்டியது. பொதிகையின் சோலைமந்திகள் தென்பிரிவைச் சேர்ந்தவை.

எல்லாவற்றினும் சுவையானது கருமந்தியின் வரலாறு. 1829இல் ஃபிஷர் அதற்கு வைத்த இனப்பெயர் ஜோனி. தரங்கம்பாடி டேனிஷ் மிஷனில் 1771 முதல் 1813இல் இறக்கும்வரை பணியாற்றிய கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற போதகரின் நினைவாக அமைந்த பெயர் அது. மீன்களையும் பாம்புகளையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பியவர் ஜான். நம் ஊர் மண்ணுளிப் பாம்பின் அறிவியற்பெயரிலும் அவரே இருக்கிறார். இனப்பெயர் நிலைத்தது, பேரினப் பெயர் நிலைக்கவில்லை. ஃபிஷர் அதைச் சிமியா என்றார். 1888இல் பிளான்ஃபோர்ட் செம்னோபிதேகஸ் என்றார். 1939இல் போகாக் அதைக் காசி என்ற பேரினத்தில் வைத்தார். அடுத்த தலைமுறை பிரெஸ்பைட்டிஸ் என்றது. பின்னர் மண்டையோட்டையும் குட்டியின் மயிர்நிறத்தையும் பார்த்து டிராகிபிதேகஸ் என்றார்கள். 2001இல் காலின் குரோவ்ஸ் எழுதிய பெருநூலிலும் அதுவே. அப்படியானால் அதன் உறவு முண்டந்துறைச் சாம்பல் மந்தியோடு அல்ல, தென்கிழக்காசிய இலைமந்திகளோடு என்று பொருள்.

பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பிரவீண் காரந்தும் உடன் ஆய்வாளரும் 2008இல் வெளியிட்ட மரபணு ஆய்வு இதை மாற்றியது. கருமந்தியும் இலங்கையின் ஊதாமுக மந்தியும் சாம்பல் மந்திக் கூட்டத்தோடு சேர்ந்தே நின்றன. அதே ஆண்டு ஜெர்மானியக் குழு ஒன்றும் அதே முடிவுக்கு வந்தது. காட்டிலும் இதற்குத் தடயம் இருந்தது: 1988இல் ஹோமான் உரத்த கூவல்களை ஆராய்ந்து கருமந்தியும் சாம்பல் மந்தியும் கலந்து ஈனுவதற்குச் சான்று காட்டியிருந்தார். 120 ஆண்டுச் சுற்றுக்குப் பின் கருமந்தி பிளான்ஃபோர்ட் வைத்த இடத்துக்கே திரும்பியது. என் கணிப்பில், தமிழ்நிலத்து விலங்குகளில் வகைப்பாடு எப்படி வளர்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

உள்ளுறுப்பும் எப்போதும் உறவைச் சொல்லாது என்பதையும் மந்திகளே கற்பித்தன. இலையை நொதிக்கவைக்கும் மந்தியின் வயிற்றிலுள்ள லைசோசைம் நொதி, பசுவின் வயிற்று நொதியைப் போல மாறியிருப்பதை ஆலன் வில்சன் குழுவினர் 1987இல் கண்டனர். பசுவும் மந்தியும் உறவினர் அல்ல. ஒரே வேலை ஒரே மாற்றத்தை இரண்டு இடங்களில் உண்டாக்கியிருக்கிறது.

சாம்பல் மந்திக்கு 1844இல் பிரியம் என்று பெயரிட்ட எட்வர்ட் பிளித், ட்ராய் போர்க் கதைமாந்தரின் பெயர்களை இந்திய மந்திகளுக்கு வரிசையாகச் சூட்டியவர். பின்னர் சாம்பல் மந்திகள் எல்லாம் ஒரே அனுமன் மந்தி இனமாகச் சுருக்கப்பட்டன. 2001இல் குரோவ்ஸ் அதை ஏழு இனங்களாக மீண்டும் பிரித்தார். பிரியம் தன் இடத்தைத் திரும்பப் பெற்றது. தேவாங்குக்கும் இதே கதி. இலங்கைத் தேவாங்கின் துணையினமாக நெடுங்காலம் எண்ணப்பட்ட நம் தேவாங்கு இப்போது தனி இனம். 1908இல் கப்ரேரா வைத்த பெயரைத் தாங்குகிறது. வறண்ட கிழக்குப் பகுதிகளில் சாம்பல் சாயல் உள்ள துணையினமும், மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் செம்பழுப்பான சிறிய துணையினமும் வாழ்கின்றன.

பொதிகையில் நேரடிக் கள ஆய்வு 1970களில் தொடங்கியது. ஸ்டீவன் கிரீனும் கேரன் மின்கோவ்ஸ்கியும் இங்கே சோலைமந்தியை ஆராய்ந்தனர். ஜான் ஓட்ஸ் காக்காச்சியில் கருமந்தி உண்ணும் இலைகளின் வேதிப்பொருள்களைப் பகுத்தார். பின்னாளில் கபேரி கர் குப்தா முண்டந்துறைத் தேவாங்குகளைப் பற்றி எழுதினார். 1976இல் களக்காடு சரணாலயம் அறிவிக்கப்பட்டது சோலைமந்தியைக் காப்பதற்காகவே. அது 1962இல் ஏற்பட்ட முண்டந்துறைச் சரணாலயத்தோடு 1988இல் இணைந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது. லேகியத்துக்காகக் கருமந்தியை வேட்டையாடிய வழக்கத்துக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டது. தேவாங்குக்கென நாட்டின் முதல் சரணாலயம் 2022இல் கடவூரில், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் அமைந்தது.

பள்ளிப் பிள்ளைகளை மாஞ்சோலைக்கும் முண்டந்துறைக்கும் அழைத்துவரும் ஆசிரியர்கள் குரங்கு என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். கன்னப்பை இருக்கிறதா, பெருவிரல் எவ்வளவு நீளம், என்ன தின்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். குறிப்பேட்டில் கருமந்தியைச் சாம்பல் மந்திக்கு அடுத்த வரியில் எழுதச் சொல்லுங்கள்.