கியர் பாக்ஸுக்கு ஆர்.சி. புக் கிடையாது

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். தேவிகாபுரத்துல பஸ்ஸை விட்டு இறங்கி, ரெண்டு தெரு நடந்து, தறிச் சத்தம் காதுல விழுந்தாத்தான் எனக்கு லீவு ஆரம்பிச்ச மாதிரி இருக்கும். அன்னிக்கு மாமா தறியில இல்லை. திண்ணையில செல்போனை வெச்சுக்கிட்டு ஒரு போட்டோவையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

"டேய் மாப்ள, 1956 மாடல் புல்லட்டுடா. மெட்ராஸ்ல பண்ண மொத பேட்ச்சாம். கியர் பாக்ஸ் சீமை சரக்காம். ஒன்னேமுக்கால் லட்சம் கேக்கறான். நாளைக்கு அட்வான்ஸ் குடுக்கணும்."

உள்ளேயிருந்து அத்தை ஒரு பார்வை பார்த்தாங்க. அட்வான்ஸ் எங்கேருந்து வரப்போகுதுன்னு அவங்க கையில இருந்த வளையலைப் பார்த்ததும் புரிஞ்சுபோச்சு.

பொட்டி தட்டுற பொழைப்புல எனக்கு இருக்கிற ஒரே கெட்ட பழக்கம், பழைய வண்டிகளைப் பத்தி ராத்திரி முழுக்கப் படிக்கிறது. அதுக்கு அன்னிக்குத்தான் ஒரு உபயோகம் வந்தது.

மொதல்ல கொஞ்சம் அமெரிக்கா போயிட்டு வந்துடுவோம். 1960-கள்ல அங்க 'மசில் கார்'னு ஒரு வகை வந்தது. நடுத்தர சைஸ் கார்ல பெரிய வி8 என்ஜினைத் தூக்கி வெச்சது. ஓட்டல்ல தோசைக்குச் சட்னி சொல்ற மாதிரி, வாங்கறவரே என்ஜின், பின் ஆக்சில், கியர் பாக்ஸ் எல்லாத்தையும் லிஸ்ட் பார்த்து டிக் பண்ணலாம். செவ்ரோலே, போன்டியாக் கார்கள்ல வந்த மன்சி 4 கியர் பாக்ஸ்ல எம்20, எம்21, எம்22னு மூணு ரகம். எம்22-க்கு 'ராக் க்ரஷர்'னு பட்டப்பேர். பல்சக்கரத்தோட பல் சாய்வு கம்மி, அதனால பலம் அதிகம், கூடவே கல்லு ஒடைக்கிற மாதிரி ஒரு ஊளைச் சத்தம்.

வேடிக்கை என்னன்னா, வெளியிலேருந்து பார்த்தா மூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா விலை? 1971 பிளைமவுத் ஹெமி குடா கன்வெர்டிபிள் மொத்தமே 11 கார்தான் வந்தது. அதுலயும் 4 கியர் மேனுவல் போட்டது விரல் விட்டு எண்ணுற அளவு. அப்படி ஒண்ணு 2014-ல் ஏலத்துல 35 லட்சம் டாலருக்குப் போச்சு. இவ்வளவு காசு புரளுற இடத்துல ஆட்டோமேட்டிக் பாக்ஸைக் கழட்டிட்டு மேனுவலை மாட்டி, "கம்பெனியிலேயே இப்படித்தான் வந்துச்சு"ன்னு சொல்ல ஆள் இருக்காதா?

அதனால அங்க மூணு சாட்சி கேப்பாங்க.

முதல் சாட்சி, நம்பர். 1968 மாடல்லேருந்து காரோட அடையாள எண்ணுல ஒரு பகுதியை என்ஜின்ல மட்டுமில்லாம கியர் பாக்ஸ்லயும் அடிச்சாங்க. ரெண்டும் பொருந்தினா 'மேட்சிங் நம்பர்ஸ்'.

ரெண்டாவது, காகிதம். கிரைஸ்லர் கார்னா பானட்டுக்குள்ள ஒரு தகடு இருக்கும். அதுல டி21னு இருந்தா 4 கியர் மேனுவல், டி32னு இருந்தா ஆட்டோமேட்டிக். காரை அசெம்பிள் பண்ணும்போது கூடவே வந்த பில்ட் ஷீட், சில சமயம் சீட்டு ஸ்பிரிங்குக்கு அடியிலயே அம்பது வருஷம் தூங்கிட்டு இருக்கும். போன்டியாக்குக்குப் பழைய பில் விவரம் கிடைக்கும். ஃபோர்டுக்கு 1967-லேருந்து தயாரிப்புப் பதிவு கிடைக்கும்.

மூணாவது, உலோகம். வார்ப்பு எண், தேதி முத்திரை, கிரைண்டர் வெச்சுத் தேய்ச்ச தடம்.

தகடும் போலியா வரும், நம்பரும் போலியா அடிக்கலாம். அதனால ஒத்தை சாட்சியை நம்பாம, மூணும் ஒரே கதையைச் சொல்லுதான்னுதான் பார்ப்பாங்க.

சரி, மேட்டருக்கு வருவோம். நம்ம புல்லட் கதை என்ன?

1950-களின் ஆரம்பத்துல நம்ம ராணுவம் 350 சிசி புல்லட் வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் ஊர்லேருந்து வண்டிகள் வந்தன. 1955-ல ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர் ஃபேக்டரி 1956-ல திறந்தது. ஆரம்பத்துல பாகம் பாகமா கப்பல்ல வரும், இங்க மாட்டுவாங்க. அந்த வருஷம் முடியறதுக்குள்ள மாட்டினது மொத்தம் 163 வண்டி.

163. இந்த நம்பரைச் சொன்னதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கியர் பாக்ஸ் ஆல்பியன் டிசைன். நாலு கியர், வலது கால்ல லீவர், மேல தூக்கினா ஒண்ணு, கீழ அழுத்தினா ரெண்டு, மூணு, நாலு. பக்கத்துல 'நியூட்ரல் ஃபைண்டர்'னு குட்டி லீவர். ரெண்டு, மூணு, நாலு எதுல இருந்தாலும் அதை ஒரு மிதி மிதிச்சா நியூட்ரல். சிக்கல் எங்கன்னா, இந்த டிசைன் இங்க 2000-கள் வரைக்கும் பெருசா மாறாம ஓடுச்சு. எலக்ட்ராவிலேயே வலது பக்க லீவரோட 4எஸ், அப்புறம் இடது பக்க லீவரோட 5எஸ்னு ரெண்டு ரகம் வந்தது.

அதைவிட முக்கியம், பழைய புல்லட்ல கியர் பாக்ஸ் தனி. என்ஜினுக்குப் பின்னாடி ஸ்டட்ல மாட்டியிருக்கும். பின்னால வந்த யூசிஇ என்ஜின்லதான் ரெண்டும் ஒரே கூடு ஆச்சு. அதனால நாலைக் கழட்டி அஞ்சை மாட்டலாம். 1990-ஐக் கழட்டி 1956-லயும் மாட்டலாம். ஒரு நல்ல மெக்கானிக்குக்கு ஒரு நாள் வேலை.

நம்ம ஆர்.சி. புக்ல என்ஜின் நம்பர் இருக்கு, சேசிஸ் நம்பர் இருக்கு. கியர் பாக்ஸுக்குன்னு ஒரு வரி கிடையாது! மூணு சாட்சியில ஒண்ணு இங்க பொறக்கவே இல்லை. அப்ப "சீமை கியர் பாக்ஸ்"ங்கிறது விக்கறவர் வாய் வார்த்தை மட்டும்தான்.

மறுநாள் ரெண்டு பேரும் போனோம். பென்சிலும் வெள்ளைத் தாளும் கொண்டுபோனேன். சேசிஸ் நம்பரைத் தேய்ச்சு எடுத்தேன், புக்கோட பொருந்துச்சு. என்ஜின் நம்பரைத் தேய்ச்சேன். தாள்ல எழுத்து வரதுக்கு முன்னாடி கோடு கோடா கிரைண்டர் தடம் வந்தது. எழுத்துகள் ஒண்ணு மேல, ஒண்ணு கீழ.

மாமா தாளை வாங்கிப் பார்த்தார். "சரிகையை உரசினா உள்ள செவப்பு பட்டு தெரியணும்டா. இதுல வெள்ளை நூல்தான் தெரியுது"ன்னார். நான் ராத்திரி பூரா விளக்கினதை ஒரே வரியில முடிச்சுட்டார்.

"பழைய வண்டின்னு ஒரு விலை சொல்லுங்க, 1956-ன்னு சொல்லாதீங்க"ன்னு கேட்டுப் பார்த்தார். அவர் இறங்கி வரலை. நாங்க பஸ் ஏறிட்டோம். ஒண்ணு ஒத்துக்கறேன், வண்டி ஸ்டார்ட் ஆனப்ப அந்தச் சத்தம் நல்லாத்தான் இருந்தது. மாமா வழியெல்லாம் பேசலை. அத்தை மட்டும் அன்னிக்கு ராத்திரி எனக்கு ரெண்டு தோசை கூடப் போட்டாங்க :)

எனக்கு வருத்தம் வேற இடத்துல. நிஜமான அந்த 163-ல ஏதாவது ஒண்ணு எங்கேயோ ஒரு கொட்டகையில நின்னுட்டு இருக்கலாம். அதை நிரூபிக்க வேண்டிய பில், இன்சூரன்ஸ் தாள், சர்வீஸ் புக் எல்லாம் ஏதோ ஒரு போகிக்கு எரிஞ்சிருக்கும். ரெட்டிச்ல வண்டி செஞ்சதை நிறுத்தின பிறகும் இங்க விடாம செஞ்சவங்க நாம. ஆனா எந்த வண்டியில எந்தப் பாக்ஸ் போச்சுன்னு சொல்ல ஒரு துண்டுச் சீட்டு நம்ம வீட்ல இல்லை.

அதனால மக்களே, உங்க தாத்தா, அப்பா ஓட்டின வண்டியோட காகிதம் பரண்ல கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. வண்டி போயிருந்தாலும் பரவாயில்லை. ஒரு போட்டோ எடுத்து வெச்சுட்டு, பின்னூட்டத்துல ஒரு வரி சொல்லுங்க. கியர் லீவர் எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு மறக்காம எழுதுங்க.