கோடை ஊரும் சொந்த ஊரும்

ஒருவனுக்கு ஊர் எது என்னும் வினாவைக் கவிஞர்கள் ஒருபுறம் பாடிக்கொண்டிருக்க, ஃபிக்ஹு நூலோர் அதனை மிகக் கறாராக ஆராய்ந்து வைத்துள்ளனர். காரணம் எளியது. பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கித் தொழுவார். ஊரில் இருப்பவர் நிறைவாகத் தொழவேண்டும். ஆதலால் எது ஊர், எது வழித்தங்கல் என்று வரையறுத்தே தீரவேண்டியிருந்தது. ஹனஃபி நூலோர் பிறந்த ஊரையும், இனி இதுவே நம் இடம் என்று குடும்பத்தோடு வேரூன்றிய ஊரையும் 'வத்தன் அஸ்லி' என்றனர். பதினைந்து நாளோ அதற்கு மேலோ தங்கும் எண்ணத்தோடு இறங்கிய இடம் 'வத்தன் இகாமத்'. அங்கும் நிறைவாகவே தொழவேண்டும். ஆயினும் அங்கிருந்து பயணம் புறப்பட்டால் அவ்வூர் உரிமை அற்றுப்போகும். (நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் நாட்கணக்கு வேறு என்பதை வாசகர் அறிவர்.)

இவ்விரண்டுக்கும் இடையில் ஓர் இடம் உண்டு. பிறந்த ஊரும் அன்று, பிழைக்கப் போன ஊரும் அன்று. இன்பத்திற்காக விரும்பிப் போய், மீண்டும் மீண்டும் போய், மனம் ஒட்டிக்கொண்ட இடம். அது ஊராகிவிடுமா? ஹிந்துஸ்தானத்தின் வரலாற்றில் இவ்வினாவைத் தம் வாழ்வாலேயே எழுப்பிச் சென்றவர் பேரரசர் ஜஹாங்கீர்.

காஷ்மீரம் முகலாயர் கைக்கு வந்தது 1586-இல். அதன்பின் அக்பர் 1589, 1592, 1597 ஆகிய மூன்று ஆண்டுகளில் அங்குச் சென்றார். தந்தையாரோடு இளவரசராகச் சென்று கண்ட பள்ளத்தாக்குக்கு, அரியணை ஏறிய பின் ஜஹாங்கீர் முதன்முறையாக வந்தது 1620-இல். நவ்ரோஸ் நாளை ஒட்டி மார்ச்சு மாதத்தில் ஸ்ரீநகர் புகுந்தவர், அக்டோபர் வரை அங்கேயே தங்கினார். தம் கைப்படத் தொகுத்த 'துஸூக்கே ஜஹாங்கீரி'யில் அம்மாதங்களைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பக்கங்கள், ஓர் ஆட்சியாளரின் குறிப்பேடு என்பதினும் ஒரு காதலரின் நாட்குறிப்பு என்றே சொல்லத்தக்கவை. மலர்களை எண்ணினார், ஊற்றுகளை அளந்தார். ஓவியர் உஸ்தாத் மன்சூர் அங்கு வரைந்த மலர்கள் மட்டும் நூற்றுக்கு மேல் என்று குறித்துள்ளார். வேரிநாக் ஊற்றைச் சுற்றி எண்கோணக் குளம் எழுந்ததும், இளவரசர் குர்ரத்தின் மேற்பார்வையில் ஷாலிமார் தோட்டம் உருவானதும் இக்காலத்தவையே.

ஹரிபர்வதக் கோட்டைக்குள் ஒரு சிறு தோட்டம் இருந்தது. அக்பர் அமர்ந்து மகிழ்ந்த இடம் அது. 1620-இல் மைந்தர் வந்து பார்த்தபோது அது சீர்கெட்டுப் பாழடைந்து கிடந்தது. பூட்டிவிட்டுப் போன கோடை மாளிகைகளின் கதி எக்காலத்தும் இதுதான் போலும்! ஜஹாங்கீர் மனம் வருந்தி, முஃதமித் கானிடம் அதனைப் புதுப்பிக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். 'நூர் அஃப்ஸா' என்று பெயரும் இட்டார். அங்கே நான்கு செர்ரி மரங்கள் காய்த்திருந்தன. நான்குக்கும் தனித்தனியே பெயர் சூட்டினார். நிறையக் காய்த்தது 'புர்பார்'. குறையக் காய்த்தது 'கம்பார்'. நாள்தோறும் தம் கையாலேயே பழம் பறித்தார். காபூலிலிருந்து ஓட்டக்காரர்கள் அதே பழத்தைக் கொண்டுவந்து கொண்டுதான் இருந்தனர். ஆயினும் தம் வீட்டுத் தோட்டத்தில் தாமே பறித்து உண்பதில் தனிச்சுவை உண்டு என்று எழுதி வைத்தார்.

'வீட்டுத் தோட்டம்' என்ற அச்சொல் கவனிக்கத்தக்கது. ஆக்ராவும் லாஹூரும் கைவசம் இருக்க, அரண்மனைகள் பல இருக்க, ஹிந்துஸ்தானத்தின் பாதுஷா வீடு என்ற சொல்லை நான்கு பழமரங்களின் அடியில் நின்று சொல்லுகிறார். மரத்துக்குப் பெயரிடுபவன் விருந்தினன் அல்லன். ஆகவே காஷ்மீரம் அவருக்கு வீடாகிவிட்டது என்று முடித்துவிடலாமா?

அதே நூலில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. தந்தையாரோடு சென்ற காலத்தில், பாம்பூரின் குங்குமப்பூ வயல்கள் பூத்திருந்தபோது அவ்வழி போனார்கள். பூவின் கடுமணத்தால் உடன் வந்தோர்க்கெல்லாம் தலைவலி கண்டது. மதுமயக்கில் இருந்த இளவரசருக்கும் வலித்தது. அங்கே பூக்கொய்துகொண்டிருந்த காஷ்மீரிகளை விசாரித்ததில், தலைவலி என்பதையே தாங்கள் வாழ்நாளில் அறிந்ததில்லை என்றனராம். இதனை எழுதும்போது அம்மக்களை விலங்கையொத்தவர் என்று ஓர் அடைமொழியால் சுட்டுகிறார் ஜஹாங்கீர். மலர்களை மதிக்கத் தெரிந்த கண், அவற்றைக் கொய்த கைகளை மதிக்கவில்லை. ஊரை நேசித்து ஊராரை நேசிக்காதவர் அவ்வூருக்கு எந்த உறவு?

மற்றொன்று குளிர்காலம். பனி உருகும்போது வருவார். குங்குமப்பூ பூத்து முடியும் வேளையில் புறப்பட்டுவிடுவார். மலைவழிகள் மூடிக்கிடக்க, தளர்ந்த நீளங்கிக்குள் காங்கிரி என்னும் தணற்சட்டியை அணைத்துக்கொண்டு மக்கள் நாட்களைக் கழிக்கும் காஷ்மீரம் அவர் வாழ்ந்த காஷ்மீரம் அன்று. அவருடைய மூச்சுத்திணறல் முதலில் தலைகாட்டியதே அங்குத்தான், மழையும் ஈரமும் மிகுந்த நாட்களில். ஆயினும் சமவெளியின் வெயில் அதனைவிடப் பொறுக்க முடியாததாக இருந்தமையால், பின்னும் அங்கேயே போனார்.

முகலாயர் போன விதமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர்கள் தம் வீட்டைத் தம்மோடு தூக்கிச் சென்றனர். இரண்டு தொகுதிக் கூடாரங்கள். ஒன்றில் பாதுஷா உறங்கும்போது மற்றொன்று அடுத்த தங்குமிடத்தில் எழுந்து நிற்கும். அவுரங்கசீப் தம் ஆட்சியில் ஒரேயொரு முறை காஷ்மீரம் சென்றார். உடன் சென்ற பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், பீம்பரிலிருந்து மலையேறச் சுமைகூலிகள் முப்பதாயிரம் பேர் தேவைப்படுவர் என்று கணக்கிட்டதாக எழுதியுள்ளார். இதனினும் முக்கியமான செய்தி ஒன்று அவர் கடிதங்களில் உண்டு: அச்சிறு நாட்டில் பஞ்சம் வந்துவிடாதிருக்க, பாதுஷாவின் பரிவாரத்தை இயன்ற மட்டும் குறைத்துக்கொண்டு, ஏனையோரை அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டனர். விருந்தினர் வருகையே ஊராரின் அடுப்பை அணைத்துவிடக் கூடியது என்பதை அரசே உணர்ந்திருந்தது.

பஞ்சம் என்றதும் 1597 நினைவுக்கு வருகிறது. அக்பரின் மூன்றாம் பயணம் அது. அவ்வாண்டு காஷ்மீரத்தில் கொடிய பஞ்சம்; பெற்ற பிள்ளைகளைத் தாய்மார் கைவிட்ட காட்சிகளை அப்போது அங்கிருந்த சேசு சபைப் பாதிரியார் ஜெரோம் சேவியர் எழுதியுள்ளார். அக்பர் ஹரிபர்வதத்தைச் சுற்றி மதில் எழுப்பும் வேலையில் மக்களை ஈடுபடுத்திக் கூலி வழங்கினார். ஹிந்துஸ்தானத்துக் கருவூலத்திலிருந்து ஒரு கோடியே பத்து இலட்சம் வந்ததாகவும், எவரிடமும் வெட்டிவேலை வாங்கவில்லை என்றும் காட்டி வாயிலின் கல்வெட்டு கூறும். அந்த மதில் வென்ற நாட்டை அடக்கிவைக்க எழுந்த மதிலும்தான். அதனை மறைக்க வேண்டியதில்லை. எனினும் ஓர் ஊரின் பசிக்காலத்தில் அதனுள் நின்றவர் என்ற வகையில், மைந்தரினும் தந்தையார் ஒரு படி நெருங்கி வந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பிறவாத ஊர் சொந்த ஊராக முடியாது என்பதற்கில்லை. ஜஹாங்கீரின் கொள்ளுப்பாட்டனார் பாபரே சான்று. பிறந்த மண் ஃபர்கானா. 1504-இல் அவர் கைக்கு வந்தது காபூல். அங்கே தோட்டமும் இட்டார். அதன் மலைகளில் உறைபனியில் சிக்கி உயிருக்கும் போராடினார். பின்னாளில் ஒரு முலாம்பழத்தை அறுத்தபோது, விட்டுவந்த நாட்டை நினைந்து கண்ணீர் விட்டதாக நண்பர் குவாஜா கலானுக்கு எழுதினார். 1530-இல் ஆக்ராவில் இறந்தார்; பின்னர் அவர் உடல் காபூலுக்கே கொண்டுசெல்லப்பட்டது. உல்லாசத்திற்காகப் போன இடமாயின் காபூல் அவரை இவ்வாறு திரும்ப இழுத்திருக்குமா என்பது ஐயமே.

ஜஹாங்கீரின் முடிவு வேறு விதமானது. 1627-இல் உடல் மிக நலிந்து காஷ்மீரம் சென்றவர், இலையுதிர் காலத்தில் திரும்பும் வழியில், அக்டோபர் 28-ஆம் நாள் மலைப்பாதையிலேயே உயிர் நீத்தார். இறுதி விருப்பம் யாதெனக் கேட்டபோது காஷ்மீரம் ஒன்றே என்றார் எனச் சொல்லப்படும் கதை அழகானதே, கதையாகவே கொள்க. பூவுலகில் சுவர்க்கம் பற்றிய பாரசீக ஈரடியை அவர் காஷ்மீரத்தைப் பாடியதாகச் சொல்வதும் அத்தகையதே. அவ்வீரடி பொறிக்கப்பட்டிருப்பது தில்லிச் செங்கோட்டையில். உடலின் உட்பகுதிகள் ரஜௌரிக்கு அண்மையில் சிங்கஸ் சராயில் அடக்கப்பட்டதாக அவ்வட்டாரத்தார் கூறுவர். அடக்கத்தலமோ லாஹூரை அடுத்த ஷாஹ்தராவில் உள்ளது. வழித்தங்கலில் ஒரு பகுதி, சமவெளியில் மறுபகுதி. செர்ரி மரங்களின் அருகே எதுவும் இல்லை.

காஷ்மீரத்தை வத்தன் அஸ்லியாகக் கொண்ட மன்னர் ஒருவரும் இருந்தார். யூசுஃப் ஷா சக். 1586-இல் ராஜா பகவான்தாஸின் வாக்குறுதியை நம்பி அக்பரிடம் வந்தவர். வாக்கு காக்கப்படவில்லை, சிறை வைக்கப்பட்டார். பின்னர் விடுவித்து, ஐந்நூறு மன்சபு கொடுத்து, மான்சிங்கின் கீழ்ப் பீஹாருக்கு அனுப்பினர். தாயகம் திரும்ப விடவில்லை. அவரைப் பிரிந்து ஹப்பா காத்தூன் பாடியதாக வழங்கும் பாடல்களைக் காஷ்மீரத்துப் பெண்கள் வழிவழியாகப் பாடிவருகின்றனர். முகலாய இளவரசர்கள் ஜீலம் கரையில் கோடையைக் கழித்த நாட்களில், அந்நாட்டின் பழைய மன்னர் பீஹாரின் வெயிலில் இருந்தார். 1592-இல் மறைந்த அவருடைய கப்று, நாலந்தா மாவட்டத்தில் பிஸ்வக் என்னும் சிற்றூரில் இருக்கிறது. அதனருகே உள்ள குடியிருப்பு ஒன்றுக்கு இன்றளவும் காஷ்மீரிச் சக் என்றே பெயர்.