ராணியின் பேட்டை, பாலாற்றின் கணக்கு

கூட்டேரிப்பட்டுல வளர்ந்தவங்களுக்கு தேசிங்கு ராஜன் கதையைத் தனியா யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மேற்கே போனா செஞ்சிக்கோட்டை. திருவிழா என்றால் எங்காவது ஒரு கூத்து. எங்க பாட்டி கதையை முடிக்கும்போது எப்பவும் ஒரு வரி சேர்ப்பார்: "அந்த ராணி பேர்லதான்டா ஆற்காட்டாண்ட ஒரு ஊரே இருக்கு." அந்த ஊரை நான் பார்த்தது நாற்பது வயதுக்கு மேல்தான். செஞ்சி, சேத்துப்பட்டு, ஆரணி, ஆற்காடு. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ராணிப்பேட்டை.

கதையின் வரலாற்றுப் பகுதி சுருக்கமானது. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பம் கேட்டார், தேஜ் சிங் என்கிற தேசிங்கு மறுத்தார். 1714 அக்டோபர் 3ஆம் தேதி நடந்த சண்டையில் தேசிங்கு இறந்தார். வயது இருபதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். செஞ்சிக்கோட்டைச் செட்டிக்குளத்தங்கரையில் அவர் உடலுக்குத் தீ மூட்டியபோது ராணியும் உடன்கட்டை ஏறினார் என்பது மரபு. ஜெயித்த நவாப் அந்தப் பெண்ணின் நினைவாகத் தன் தலைநகருக்கு எதிர்க்கரையில் ஒரு பேட்டையை உருவாக்கினார்.

இங்கே எனக்கு ஒரு 'பக்' கண்ணில் பட்டது. பல குறிப்புகளில், இணையத்திலும், "1771ல் சாதத்துல்லா கான் நிறுவினார்" என்றே இருக்கிறது. சாதத்துல்லா கான் இறந்தது 1732ல். இறந்து முப்பத்தொன்பது வருஷம் கழித்து ஒருத்தர் ஊர் கட்ட முடியாது! 1717 என்பது எங்கோ இலக்கம் மாறி 1771 ஆகியிருக்கலாம் என்பது என் ஊகம். ஒருவர் எழுதியதை அடுத்தவர் காப்பி அடித்து, அதுவே வரலாறாகிவிட்டது போல.

கரை மாறிய ஊர்

ஆற்காடு தென்கரையில் தலைநகரம், ராணிப்பேட்டை வடகரையில் துணை ஊர். வெள்ளைக்காரன் வந்ததும் இது தலைகீழானது. நவாபின் அதிகாரம் தேயத் தேய ஆற்காடு சுருங்கியது. ராணிப்பேட்டை பெரிய ராணுவ முகாமானது. 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியை அடக்க கில்லெஸ்பி குதிரைப்படையோடு கிளம்பியது 'ஆற்காடு' என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அந்தக் குதிரைப்படை முகாம் இந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

1856 ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ராணிப்பேட்டைக்குப் பக்கத்து ஸ்டேஷன். 1866ல் சைலஸ் ஸ்கடர் இங்கே மருத்துவமனை தொடங்கினார். வேலூர் சி.எம்.சி.யை உருவாக்கிய ஐடா ஸ்கடர் 1870ல் பிறந்தது இந்த ஊரில்தான்.

ரயில் இருக்கிறது, மணலுக்கடியில் தண்ணீர் இருக்கிறது, சென்னைத் துறைமுகம் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். ஆலை வைக்க இதைவிட என்ன வேண்டும்? 1906ல் பாரி கம்பெனி இங்கே சூப்பர் பாஸ்பேட் உர ஆலையைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் ரசாயன உரத் தொழிற்சாலை என்று அதைத்தான் சொல்கிறார்கள். பிறகு அதே கம்பெனியின் பீங்கான் ஆலை. 1932ல் கால்நடைகளுக்கான தடுப்பு மருந்து நிலையம். கூட்டம் கூட்டமாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோய்க்கு இங்கே மருந்து தயாரானது. அந்த நோய் 2011ல் உலகத்திலிருந்தே ஒழிந்தது. 1970களில் சிப்காட், 1980களின் தொடக்கத்தில் பெல். ஐம்பதாயிரம் பேர் வாழும் ஒரு சின்ன ஊருக்கு இது பெரிய பட்டியல்.

ஆவாரம் பட்டையிலிருந்து குரோமியத்துக்கு

பட்டியலில் நான் வேண்டுமென்றே விட்டது தோல். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் படுகையை ஒட்டியே தோல் ஷெட்டுகள். பழைய முறை ஆவாரம் பட்டை, கடுக்காய். ஒரு தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். நாற்றம் உண்டு, கழிவும் உண்டு. ஆனால் பெரும்பாலும் மட்கிப் போகும் கழிவு.

1973ல் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதியைத் தடுத்தது, அரைகுறையாகப் பதப்படுத்திய தோலுக்கும் கட்டுப்பாடு போட்டது. மதிப்பைக் கூட்டி, ஷூவாகவும் பையாகவும் விற்றால் டாலர் அதிகம். நியாயமான யோசனைதான். பல ஆயிரம் குடும்பங்கள் இதில் சாப்பிட்டன, இன்னும் சாப்பிடுகின்றன. ஆனால் வெளிநாட்டுக்காரன் கேட்ட தோலுக்குக் குரோமியம் வேண்டும். குரோம் முறையில் வாரக்கணக்கு வேலை ஓரிரு நாளில் முடியும்.

நான் கம்ப்யூட்டர் ஆள், கெமிஸ்ட்ரி பிளஸ் டூவோடு சரி. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தோல் ஷெட்டில் பயன்படுவது குரோமியம்-3. அதை உண்டாக்க முதலில் குரோமைட் தாதுவை சோடாவோடு சேர்த்து வறுக்க வேண்டும். அப்போது கிடைப்பது குரோமியம்-6. இது தண்ணீரில் கரையும், மஞ்சள் நிறம், புற்றுநோய் வரவழைக்கும். வறுத்த பிறகு மிஞ்சும் சக்கையிலும் அது கொஞ்சம் தங்கிவிடும்.

ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை 1970களின் மத்தியிலிருந்து இருபது வருஷம் இதைச் செய்தது. 1990களின் மத்தியில் மூடப்பட்டது. ஆலை போனது, சக்கை போகவில்லை. இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் திறந்தவெளியில் குவிந்து கிடந்தது. மழை பெய்யப் பெய்ய மஞ்சள் தண்ணீர் நிலத்தடிக்குப் போனது. 2006ல் நியூயார்க்கின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் உலகத்தின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலை வெளியிட்டது. செர்னோபில், சைபீரியாவின் நோரில்ஸ்க், கூடவே நம்ம ராணிப்பேட்டை.

ஆறு ஏன் தாங்கவில்லை?

"ஆறு பெருசுதானே, அடிச்சுட்டுப் போயிடாதா?" என்று கேட்கலாம். பாலாறு 348 கிலோமீட்டர். கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர் நடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் வந்து கல்பாக்கம் பக்கம் கடலில் சேர்கிறது. ஆனால் வருஷத்தில் பெரும்பாலான நாள் மேலே தண்ணீர் கிடையாது. 2021 நவம்பரில் வந்தது போன்ற வெள்ளம் அபூர்வம். பாலாற்றின் உண்மையான ஆறு மணலுக்குக் கீழே இருக்கிறது. இரண்டு கரையின் கிணறுகளும் ஊற்றுகளும் அதிலிருந்து குடிக்கின்றன.

அதனால் ஓடுகிற ஆற்றில் கலந்து நீர்த்துப்போக வேண்டிய கழிவு இங்கே நேராக மணலில் இறங்கி, கிணற்றில் ஏறியது. அதிலும் குரோமியத்தைவிட விவசாயி முதலில் உணர்ந்தது உப்பு. தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பு முழுக்கத் தண்ணீரோடு வெளியே வரும். கிணறு கரித்தது, நெல் கருகியது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்பு. தோல் தொழில் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற ஆய்வு அதில் இடம்பெற்றது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும், ஆபத்து நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. இன்று நாடு முழுக்க சட்டக் கல்லூரிகளில் படிக்கிற வழக்கு இது. மாணவர்களில் எத்தனை பேருக்குப் பாலாறு எங்கே ஓடுகிறது என்று தெரியும்?

2001ல் இழப்பீட்டு ஆணையம் சுமார் 29 ஆயிரம் பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்குப் போட்டது. வகுத்துப் பாருங்கள், தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய் அளவில் வரும். ஒரு கிணற்றுக்கு, ஒரு வயலுக்கு அது விலையா? 2015 ஜனவரி 31 அதிகாலை சிப்காட்டின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடி தலையிட்டு, பாக்கி இழப்பீட்டைக் கொடுக்கவும் கண்காணிக்கக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கு இருபத்தெட்டு வருஷம் கழித்து!

பாலத்தில் நின்று பார்த்தபோது எனக்குப் பாட்டியின் கதைதான் ஞாபகம் வந்தது. நவாப் ராணிக்குக் கொடுத்ததும் ஒருவகை இழப்பீடுதான். எல்லாம் முடிந்த பிறகு, ஒரு பேர். 2019 நவம்பர் 28 முதல் அந்தப் பேரில் ஒரு மாவட்டமே இருக்கிறது.

இப்போது எங்க பக்கம் திண்டிவனத்திலும் சிப்காட் வந்துவிட்டது. நான் அதற்கு எதிரி இல்லை. எங்க ஊர்ப் பசங்க வேலைக்காக சென்னைக்கும் பெங்களூருக்கும் ஓடியது போதும். ராணிப்பேட்டை கொடுத்த பாடம் 'ஆலை வேண்டாம்' என்பதல்ல. கழிவுத் தண்ணீர் எங்கே போகும், ஆலை மூடினால் மிச்சத்தை யார் அள்ளுவார், அதற்கான பணம் இப்போதே எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்ற மூன்று கேள்விகளை முதல் நாளே கேட்க வேண்டும் என்பதுதான். எங்க ஊர்ப் பேரிலேயே ஏரி இருக்கிறது. அது வெறும் பேராக மிஞ்சிவிடக் கூடாது.