இம்பாலா வந்த வழி

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு எந்தக் காரும் 'பிளசர்'தான். கேடிலாக் என்ற பெயர் அவர்கள் காதில் விழுந்திருக்காது. இம்பாலா விழுந்தது, சினிமாக்காரர்கள் புண்ணியத்தில். இரண்டுமே ஜெனரல் மோட்டார்ஸ் பிள்ளைகள். ஆனால் நம் நாட்டுக்கு வந்த வழி வேறு வேறு.

மூத்தது 1930 ஜனவரியில் வெளிவந்த கேடிலாக் வி16. பதினாறு சிலிண்டர், 7.4 லிட்டர் எஞ்சின், 165 குதிரைத்திறன். அமெரிக்கப் பங்குச்சந்தை அப்போதுதான் படுத்திருந்தது. 1940 வரை தயாரித்தும் நாலாயிரத்துச் சொச்சம்தான் செய்தார்கள். பணக் கவலையில்லாமல் ஆர்டர் கொடுத்தவர்களில் நம் சமஸ்தானத்து ராஜாக்களும் உண்டு. ஓர்ச்சா மகாராஜாவுக்கென்று 1931இல் ஒரு சேசிஸ் இத்தாலிக்குப் போனது. கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவதுபோல, தூரின் நகரில் பினின் ஃபரினா அதற்குப் பாடி கட்டினார். அவர் பட்டறை தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

இம்பாலா 1958இல் பிறந்தது. அடுத்த ஆண்டே பின்பக்கம் இரண்டு இறக்கைகளைப் படுக்கவைத்த வடிவம் வந்தது. கூட்டின் பல பாகங்கள் அந்த ஆண்டுக் கேடிலாக்குக்கும் அதற்கும் பொது. அமெரிக்காவில் அது நடுத்தரக் குடும்பத்து வண்டி. 1965இல் ஒரே ஆண்டில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இங்கேதான் அது ராஜா வண்டியாகிவிட்டது. காரணம் அழகு மட்டுமல்ல. பம்பாய் சிவ்ரியில் 1928 முதல் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டிய தொழிற்சாலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1954இல் மூடிவிட்டது. அதன்பின் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. தூதரகத்துக்காரர்கள் ஓட்டிவிட்டுப் போன வண்டிகளை அரசு வாணிபக் கழகம் ஏலம்விடும். நட்சத்திரங்களும் முதலாளிகளும் எடுப்பார்கள். நம் ஆட்கள் வாய்பிளந்து பார்த்த 'புது' இம்பாலாக்களில் பல, செகண்ட் ஹேண்ட்!

ஐந்தேகால் மீட்டருக்கு மேல் நீளம். அம்பாசடரைவிட ஒரு மீட்டர் அதிகம். முன் சீட்டிலேயே மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். பல வண்டிகளுக்கு ஸ்டீயரிங் இடதுபக்கம். ராஜபாளையம் சங்கரன்கோவில் சாலையில் ஒரு மாட்டுவண்டியை முந்த வேண்டுமென்றால், வலப்பக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்து "போலாம்" என்று சொன்னால்தான் உண்டு.

நடிகர் எம்.ஆர்.ராதா தன் இம்பாலாவில் வைக்கோல் ஏற்றினார் என்றொரு கதை இன்றும் சுற்றுகிறது. நடந்ததோ இல்லையோ, அந்த மனிதருக்குப் பொருந்துகிறது. தகரத்தையும் டயரையும் கும்பிடுகிறவர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

1973இல் உலகமெங்கும் எண்ணெய் விலை எகிறியது. குடிகார வி8 எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றும் வேலை மெக்கானிக் ஷெட்டுகளில் மும்முரமானது. அசல் கெட்டது, வண்டி பிழைத்தது. மிச்சமிருந்தவற்றில் சில கல்யாண ஊர்வலத்துக்குப் போயின, சில எடைக்குப் போயின.

எந்திரமாகப் பார்த்தால் வி16க்குப் பக்கத்தில் இம்பாலா நிற்க முடியாது. அந்த எஞ்சினில் எட்டு எட்டுச் சிலிண்டராக இரு வரிசை, ஒவ்வொரு வரிசைக்கும் தனிக் கார்புரேட்டர். ஓடுவதே தெரியாத அமைதி. ஆனால் அது ஒருவருடைய சொத்து. இம்பாலாவை நாலு ஊர் பார்த்தது, நாலு மெக்கானிக் பிரித்துப் பூட்டினார்கள். என் ஓட்டு இம்பாலாவுக்கே.