வருகை–புறப்பாட்டு முரண் (வான் போக்குவரத்து)

ஒரு விமான நிலையத்துக்கு இறங்கிவரும் விமானமும் அங்கிருந்து ஏறிச்செல்லும் விமானமும் விதிக்கப்பட்ட இடைவெளியைவிட நெருங்கிவிடும், அல்லது நெருங்கப்போகும் நிலை வருகை–புறப்பாட்டு முரண் எனப்படும். பொதுவாக மேல்கீழாக 1,000 அடி, அல்லது ரேடார் கண்காணிப்பில் பக்கவாட்டில் 5 கடல் மைல் (சில நிலையங்களை ஒட்டி 3) இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தால் போதும். இரண்டும் இல்லாவிட்டால் அது முரண்.

இந்த முரணுக்குக் கன்னியாகுமரி மாவட்ட வானிலும் இடம் உண்டு, ஆனால் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்குத்தான் போகவேண்டும். 1930களில் அந்த நிலையம் அமைந்தபோது இந்த மாவட்டத்தின் நாஞ்சில் நாடும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது. வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிவைத்த குமரிக் குடும்பங்களுக்கு இன்றும் அதுவே சொந்த நிலையம். மாவட்டத்தின் வானமும் அதன் வாசலாகவே இருக்கிறது.

அங்குள்ள ஒரே ஓடுபாதை கடற்கரையை ஒட்டி வடமேற்கு–தென்கிழக்காகக் கிடக்கிறது. அதன் இரு முனைகளுக்கும் 14, 32 என்று எண்கள். தென்கிழக்கு முனையை நேராக நீட்டினால் அந்தக் கோடு விழிஞ்சத்தைக் கடந்து, குளச்சலுக்கு மேற்கே கடல்மேல் செல்லும். 32இல் இறங்குகிற விமானம் இந்தப் பக்கமிருந்துதான் வந்தாக வேண்டும். வடமேற்கிலிருந்து வரும் வளைகுடா விமானமும் சுற்றிவந்து இங்கேதான் திரும்பும். கொழும்புக்கும் திருவனந்தபுரத்துக்கும் நேர்கோடு போட்டால் அது ஏறக்குறைய நாகர்கோவில் தலைக்கு மேல் போகிறது. ஆக, 32இல் கடல் நோக்கி எழும்பிக் கொழும்புக்குத் திரும்பும் விமானமும் 32இல் இறங்கவரும் விமானமும் போகும் வழிகள் எங்காவது வெட்டிக்கொள்ளவே செய்யும்.

வெட்டும் இடத்தில் அவற்றைப் பிரிப்பது உயரம். ஏறுகிற விமானத்துக்கு ஒரு மேல்வரம்பு, இறங்குகிற விமானத்துக்கு ஒரு கீழ்வரம்பு. ஒன்றையொன்று கடந்த பிறகே வரம்பு நீங்கும். கட்டுப்பாட்டாளரின் திரையில் ஒவ்வொரு விமானப் புள்ளியோடும் ஒரு சிறு குறிப்பு நகரும். அழைப்புப் பெயர், நூற்றடிக் கணக்கில் உயரம், ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்பு, வேகம் ஆகியவை அதில் இருக்கும். 140 என்றால் 14,000 அடி. இந்த உயர எண் திரையில் தெரியாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவிலேயே கொடிய சான்று உண்டு.

1996 நவம்பர் 12 மாலை, டெல்லியிலிருந்து சவுதியின் போயிங் 747 புறப்பட்டது. கஜகஸ்தானின் இல்யூஷின்-76 டெல்லிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. வான்வெளியில் பெரும்பகுதி விமானப்படை வசம் இருந்ததால் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் ஒரே தடம். சவுதி விமானத்துக்கு 14,000 அடி, கஜக் விமானத்துக்கு 15,000 அடி என்பது உத்தரவு. கஜக் விமானம் தன் வரம்பைத் தாண்டிக் கீழே வந்தது. டெல்லியில் அப்போது இயங்கியது முதன்மை ரேடார் மட்டுமே. அது விமானம் இருக்கும் இடத்தைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. உயரம் காட்டும் ரேடார் இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேல் இரண்டும் மோதியதில் 349 பேரும் இறந்தனர். நீதிபதி ஆர்.சி. லகோட்டி விசாரணையில் கஜக் விமானம் தனக்கு அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்று முடிவானது. அந்த விமானக் குழுவின் ஆங்கிலக் குறைபாடும் சுட்டப்பட்டது. பழி விமானிமேல் விழுந்தாலும், ஒற்றைத் தடத்தையும் உயரம் தெரியாத திரையையும் வைத்துக்கொண்டிருந்த அமைப்புக்கு அதில் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது.

அதன் பிறகு வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தடங்கள் பிரிக்கப்பட்டன. இந்திய வானில் பறக்கும் பெரிய பயணியர் விமானங்களுக்கு டிகாஸ் என்னும் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது. எதிரே வரும் விமானத்தோடு அது தானே பேசி, ஒருவரை ஏறவும் மற்றவரை இறங்கவும் சொல்லும். கட்டுப்பாட்டாளர் வேறு சொன்னால் யார் பேச்சைக் கேட்பது என்ற கேள்விக்கு, 2002 ஜூலை 1இல் ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே 71 உயிர்களைப் பறித்த மோதல் விடை தந்தது. கருவி சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே டிகாஸ் அப்படி ஆணையிடாது. ஓடுபாதையை ஒட்டி மனிதக் கண்ணும் டவர் பேச்சும்தான் துணை. 2024 ஜூன் 8இல் மும்பையில் திருவனந்தபுரம் செல்லும் ஏர் இந்தியா விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பிக்கொண்டிருந்தபோதே, இந்தூரிலிருந்து வந்த இண்டிகோ விமானம் அதே பாதையில் தரை தொட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கவந்த விமானம் கடைசி நேரத்தில் தரை தொடாமல் மீண்டும் எழும்புவதும் இதே வகைச் சிக்கலுக்கு வழி. முன்னே புறப்பட்ட விமானம் அப்போது அதற்கு நேர் முன்னால் ஏறிக்கொண்டிருக்கும்.

திருவனந்தபுரத்துக்கென்று ஒரு தனி ஏற்பாடும் உண்டு. பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஐப்பசியிலும் பங்குனியிலும் ஓடுபாதையைக் கடந்தே சங்குமுகம் கடலுக்குப் போகிறது. அந்த மாலைகளில் சில மணி நேரம் விமானங்கள் நிற்கும். அதற்கேற்ப நேரங்கள் முன்கூட்டியே மாற்றப்படும். குமரிக்குக் கிழக்கே குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளம் இயங்கத் தொடங்கினால், தெற்கு நோக்கிப் பாயும் ராக்கெட்டுகள் கொழும்பு–திருவனந்தபுரம் நேர்கோட்டின் குறுக்கே செல்லும். ஏவும் நேரங்களில் அந்த வழி விமானங்களை வேறு பக்கம் திருப்பவேண்டி வரும்.