தீவகத்துப் பள்ளிகளும் சான்றிதழின் விலையும்

நெடுந்தீவுக்குச் செல்வோர் இன்றும் குறிகட்டுவானில் படகேறியே ஆகவேண்டும். காற்று மிகுந்தால் அதுவும் இல்லை. தீவகத்துக் கல்வியின் வரலாற்றைப் படிக்கும்போது இந்த நீர்ப்பரப்பை நாம் மறந்துவிடலாகாது.

1869ஆம் ஆண்டு இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. தானே பள்ளி நடத்துவதைவிடப் பிறர் நடத்தும் பள்ளிகளுக்கு உதவி நன்கொடை அளிப்பதே மலிவென்று குடியேற்ற அரசு கண்டுகொண்டது. வித்தியாதரிசி வருவார், பிள்ளைகளை வாசிக்கவும் எழுதவும் கணக்குச் செய்யவும் பணிப்பார், தேறியவர் தொகைக்கேற்பப் பணம் வரும். சட்டம்பியார் எத்தகைய பயிற்சி பெற்றவர் என்பதைவிட, அன்றைக்குப் பிள்ளைகள் எதை ஒப்புவித்தார்கள் என்பதே பெரிதாயிற்று. தகப்பனுடன் கடலுக்குப் போய்விட்ட சிறுவன் பள்ளியின் கணக்கில் நட்டமாவான்!

இருபதாம் நூற்றாண்டில் இம்முறை கைவிடப்பட்டது. ஆசிரியரின் தராதரம் நன்கொடைக் கணக்கினுள் புகுந்தது. நல்ல மாற்றமே. ஆயினும் அந்தத் தராதரத்தை எங்கே பெறுவது? கோப்பாய், தெல்லிப்பழை, கொழும்புத்துறை ஆகிய பயிற்சி நிலையங்கள் யாவும் குடாநாட்டில் இருந்தன; மிஷன்களின் கையில் இருந்தன. சைவ இளைஞர் அவற்றுள் நுழைவது எளிதன்று. பயிற்றப்பட்ட ஆசிரியர் இல்லாத பள்ளிக்கோ நன்கொடை சுருங்கும். இந்த இடரிலிருந்தே 1923இல் இந்துபோட் இராசரத்தினம் முதலியோரின் முயற்சியால் சைவ வித்தியாவிருத்திச் சங்கமும், 1928இல் திருநெல்வேலியில் சைவாசிரிய கலாசாலையும் தோன்றின. பக்தி மட்டும் அவற்றைக் கட்டவில்லை. நன்கொடைச் சட்டமும் கட்டிற்று.

சமயக் கதவு திறந்தது. சாதிக் கதவோ? நன்கொடை பெறும் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டுமென்ற கட்டளை 1930ஐ ஒட்டி வந்தபோது, யாழ்ப்பாணத்துச் சாதிமான்கள் பள்ளிகளுக்குத் தீயிட்டனர். தரையில் இருத்தப்பட்ட சிறுவன் எந்த நாளில் கல்லாவி முடித்துக் கலாசாலை வாயிலை அடைவது? பொதுப்பணம் நிபந்தனையோடு வந்தால்தான் சில கதவுகள் அசையும் என்பதை நாம் அங்கே காண்கிறோம்.

தீவானுக்கு இன்னுமொரு செலவுண்டு. பனையும் கடலும் தந்த சிறு வருவாயில் ஒரு குடும்பம் மகனைக் கலாசாலைக்கு அனுப்பிவிட்டு, அவனது உழைப்பை இழந்து நிற்கவேண்டும். அவன் சான்றிதழோடு வெளிவந்ததும் குடாநாட்டுப் பள்ளியொன்று அவனைப் பிடித்துக்கொள்ளும். தீவின் காசில் உருவான ஆசிரியர் தீவுக்கு மீளாத கதைகளை முதியோரிடம் நாமே கேட்டிருக்கிறோம்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உதவி பெறும் பள்ளிகளையும் பயிற்சிப் பாடசாலைகளையும் ஒருங்கே அரசின் கீழ்க் கொணர்ந்தது. முகாமையாளரின் தயவில் வாழ்ந்த ஆசிரியர் நிமிர்ந்தார். அதை நாம் வரவேற்கவே செய்கிறோம். ஆனால் சட்டம் கடலை அளக்கவில்லை. நகரத்து ஆசிரியருக்கு ஒரு மாலை நேரத்து வகுப்பாக இருப்பது, நெடுந்தீவு ஆசிரியருக்குப் படகுக் கூலியும் இரவுத் தங்கலும் ஆகிறது. பயிற்சிக்கென நிதி ஒதுக்குவோர் அந்தக் கூலியையும் தங்கலையும் அதே ஏட்டில் எழுதட்டும்.