நீர்வேலி அடுக்களையும் ஆசியத் தொடர்புகளும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

நீர்வேலி என்னும் பெயர் தமிழிலக்கிய மாணவருக்குப் புதியதன்று. அரசகேசரிப் பிள்ளையார் கோயிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த சங்கர பண்டிதரின் புலமையும் அவ்வூரை யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றில் நிலைநிறுத்தியுள்ளன. ஆனால், சந்தைக்குச் செல்வோரை வினவின் அவர்கள் பண்டிதரைக் கூறார்; வாழைக்குலையையே கூறுவர். வலிகாமம் கிழக்கின் செம்மண்ணிற் கிணற்று நீரை நம்பி வளரும் கதலியும் இதரையும் கப்பலும் அவ்வூரின் மற்றோர் அடையாளமாகும். முதல் அடையாளம் பற்றி எமது அறிஞர் நிறைய எழுதியுள்ளனர். இரண்டாவது அடுக்களையோடு தொடர்புடையது. அடுக்களை பெண்களின் உழைப்புக் களமாதலின், அது வரலாற்றாய்வின் பொருளாகப் பெரிதும் கொள்ளப்படவில்லை.

இன்று நீர்வேலி போன்ற ஊர்களின் வீடுகளிலும் நூடில்சும் பிரைட் றைசும் சமைக்கப்படுகின்றன. விருந்தின் முடிவில் அகர் அகர் இனிப்பும் புடிங்கும் பரிமாறப்படுகின்றன. இதனைக் கண்டு, எமது தூய மரபுணவு அழிகின்றதே எனக் கவலையுறுவோர் உளர். இக்கவலைக்கு ஆதாரமாயுள்ள வரலாற்றுக் கருத்தைச் சோதிப்பதே எமது நோக்கம். யாழ்ப்பாணத்து அடுக்களை என்றேனும் தூயதாக இருந்ததுண்டா? அதன் கதவு எவற்றுக்குத் திறந்திருந்தது, எவருக்கு மூடப்பட்டிருந்தது? இவ்விரு வினாக்களையும் ஒருங்கே எழுப்புதல் வேண்டும்.

2

வாழையையே முதலில் எடுத்துக்கொள்வோம். நீர்வேலிக்குப் பெயர் தேடிக்கொடுத்த இப்பயிரின் தாயகம் நியூகினியும் தென்கிழக்காசியாவுமாகும். மனிதர் கைமாறிக் கைமாறியே அது தென்னாசியாவை வந்தடைந்தது. சமையல் நிகழும் இடத்துக்கு யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் வழங்கும் 'குசினி' என்ற பெயரோ போர்த்துக்கேய மொழிக்குரியது. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், அமெரிக்க மிளகாயையும் ஆசியக் கரைகளுக்குக் கொணர்ந்தனர். இன்று யாழ்ப்பாணக் கறியின் இலக்கணமாகக் கருதப்படும் அச்சிவப்பு நிறம் அதன் பின்னர் ஏற்பட்டதே.

பாணுடன் உண்ணும் சீனிச் சம்பலை நோக்குக. 'சீனி' என்ற சொல் சீனாவின் பெயரைத் தாங்கி நிற்பது. 'சம்பல்' மலாய்ச் சொல். தமிழகத்தார் துவையல் என்பதை நாம் சம்பல் என்கிறோம். அதிற் சேரும் மாசி மாலைதீவிலிருந்து வருவது. வெங்காயம் எமது செம்மண்ணில் விளைவது. ஒரு சிறு கிண்ணத்தினுள் இந்து சமுத்திர வாணிபத்தின் வரலாறே அடங்கியிருக்கின்றது.

தொதலின் வரலாறு இதனினும் தெளிவானது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் பத்தாவியாவைத் தமது ஆசியத் தலைமையிடமாகக் கொண்டிருந்தனர். அவர்கள் சாவகம் முதலிய தீவுகளின் மக்களைப் போர்வீரராகவும், அடிமைகளாகவும், நாடுகடத்தப்பட்டோராகவும் இலங்கைக்குக் கொணர்ந்தனர். இன்றைய இலங்கை மலாயர் அவர்களின் வழிவந்தோராவர். மலாய் மக்களின் 'டோடோல்' எனும் இனிப்பே எமது தொதலாகும். அம்பாந்தோட்டையிலும், பாக்கு நீரிணைக்கு அப்பாற் கீழக்கரையிலும் அது இன்றும் பெயர் பெற்றது.

தொதல் செய்யும் முறையும் கருத்திற் கொள்ளத்தக்கது. பச்சையரிசி மாவையும் சர்க்கரையையும் தேங்காய்ப்பாலிற் கரைத்துத் தாச்சியிலிட்டு, அடிப்பிடிக்காது நெடுநேரம் கிளறுதல் வேண்டும். எண்ணெய் பிரிந்து, பசை முழுவதும் தாச்சியை விட்டுத் திரண்டு வரும்போதே பதம் கிட்டும். கலவை இறுக இறுக அகப்பையை அசைக்கப் பலம் வேண்டும்; ஆகவே பலர் மாறிமாறிக் கிளறுவர். கூட்டுழைப்பை வேண்டி நிற்கும் இப்பலகாரம் கொண்டாட்ட நாட்களோடு இணைந்தமை தற்செயலன்று. வறுத்த பயறும் மரமுந்திரிகைப் பருப்பும், சில வீடுகளிற் பனங்கட்டியும் சேர்ந்தபோது, கடல்வழி வந்த பண்டம் இம்மண்ணின் பண்டமாயிற்று.

பாயசத்துக்கிடும் சவ்வரிசியும் இவ்வாறானதே. தென்கிழக்காசியாவிற் சேகோப் பனையின் தண்டிலிருந்து பெறப்பட்ட மாவே அதன் மூலவடிவம். இரண்டாம் உலகப் போரில் மலாயா இறக்குமதி தடைப்பட்டபோது, சேலம் பகுதியில் மரவள்ளி மாவிலிருந்து அதனை உற்பத்தி செய்யலாயினர். மரவள்ளியோ அமெரிக்கக் கிழங்கு. எனவே, ஒரு பண்டம் எங்கிருந்து வந்தது என்பது வரலாற்றின் ஒரு பாதி மட்டுமே. அதனை எவருடைய உழைப்பு எமதாக்கிற்று என்பதே மறுபாதியாகும்.

3

பிரித்தானியர் ஆட்சியில் இத்தொடர்பு புதிய வடிவம் பெற்றது. மிசன் பாடசாலைகளில் ஆங்கிலம் கற்ற இளைஞர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலாக மலாயாவுக்குச் சென்றனர். 1885 இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட்டிற்குமிடையே அந்நாட்டின் முதலாவது புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. தொடர்ந்து விரிவடைந்த புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுதுவினைஞராகவும் நிலைய அதிபராகவும் யாழ்ப்பாணத்தவர் பணியாற்றினர். அவர்கள் அனுப்பிய பணமும், 'மலாயாப் பென்சனியர்' கொணர்ந்த ஓய்வூதியமும் யாழ்ப்பாணக் கிராமங்களின் கல்வீடுகளாயின, காணியாயின, சீதனமாயின.

இக்கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதாக இருக்கவில்லை. இடியப்பத்தை மலேசியாவில் 'புத்து மயம்' என்பர். அப்பம் அங்கு 'அப்பொம்' எனப்படும். தென்னிந்தியத் தொழிலாளரும் வணிகரும் அதற்கு முன்னரே சென்று இவ்வுணவுகளை அங்கு பரப்பியிருந்தனர். அதாவது, தமிழுணவு மலாய் அடுக்களையிற் புகுந்தபோதும், மலாய் உணவு தமிழ் அடுக்களையிற் புகுந்தபோதும் இரு பண்பாடுகளும் அழியவில்லை, வளம் பெற்றன.

4

இங்குதான் இரண்டாவது வினாவை எழுப்புதல் அவசியமாகின்றது. இத்தனை பண்டங்களை ஏற்ற யாழ்ப்பாணத்து அடுக்களை எதனை மறுத்தது?

தேநீரை நோக்குவோம். 'தேயிலை' என்பதன் முற்பகுதி தென்சீனக் கடற்கரை வழக்கான 'தே' என்பதே. 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய வணிகப் பயிர்ச்செய்கை, தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் முதுகிலே வளர்ந்தது. அத்தொழிலாளருட் பெரும்பாலாரை 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. சீனரின் இலையை யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடை தயக்கமின்றி ஏற்றது. அதே கடை, அயற்குடிசையில் வாழ்ந்த தமிழனை உள்ளே அமர விடவில்லை. அவனுக்கெனப் புறம்பான பாத்திரம் வைத்தது. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டத்தின் பின்னரும் இந்நிலை நீடித்தது. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் எழுச்சியும், 1967 இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தின் போராட்டங்களுமே அக்கதவுகளைத் திறக்கச் செய்தன.

பனங்கட்டியின் நிலையும் இதுவே. மரமேறும் தொழிலாளி இறக்கிய கருப்பநீரிலிருந்து அவன் குடும்பத்துப் பெண்கள் காய்ச்சிய பனங்கட்டி 'மேலோர்' வீட்டினுள் நுழையலாம். காய்ச்சியவள் நுழைதல் கூடாது. சுவைக்கு எல்லை வகுக்காத சமூகம் மனிதருக்கு எல்லை வகுத்தது. ஆகவே, 'தூய்மை' என்ற கருத்து உணவின் இயல்பிலிருந்து பிறந்ததன்று. நிலவுடைமையும் சாதியும் இணைந்த அதிகார உறவிலிருந்து பிறந்தது. மரபுணவின் தூய்மை பற்றிப் பேசுவோர் இதனை மறத்தலாகாது.

5

அடுக்களையின் மாற்றங்களைத் தீர்மானித்ததில் விருப்பத்தைப் போலவே பஞ்சத்துக்கும் பங்குண்டு. 1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும் அரிசி வரவு தடைப்பட்டுப் பங்கீடு ஏற்பட்டது. எமது 'மரபுச் சோற்றின்' கணிசமான பகுதி பர்மிய வயல்களிலிருந்து வந்தமையை அப்பஞ்சமே உணர்த்திற்று. ஒடியலும் மரவள்ளியும் குரக்கனும் அக்காலத்தில் உயிர் காத்தன. 1970க்கும் 1977க்குமிடையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட செம்மண் விவசாயி நன்மையடைந்தான். 1977 இன் திறந்த பொருளாதாரம் அந்நன்மையைக் குறைத்தது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது சீனி அரிதாக, பனங்கட்டியைக் கடித்தபடி தேநீர் அருந்தினர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது நீர்வேலி மக்களும் அடுப்பை விட்டகன்றனர். அவ்வேளைகளிலெல்லாம் கிடைத்ததைக் கொண்டு குடும்பத்துக்கு உணவு ஆக்கியவர்கள் பெண்களே.

இவ்வரலாற்றின் ஒளியில் நோக்கும்போது, இன்றைய பெண் தன் குசினியில் நூடில்சையோ அகர் அகர் இனிப்பையோ ஆக்குதல் மரபின் முறிவாகாது. தொதலை ஏற்ற அதே மரபின் தொடர்ச்சியே அது. கவலைக்குரியவை வேறு. பொதியில் வரும் பண்டம் அயல் விவசாயியின் விளைபொருளைப் புறந்தள்ளுகின்றதா? சமையற் சுமை இன்னும் பெண்ணின் தோளில் மட்டுமே உள்ளதா? ஒரே பந்தியில் யார் யார் அமர்கின்றனர்? இவ்வினாக்களுக்கு விடை காண, பாட்டிமாரின் வாய்மொழியையும் சமையற் குறிப்பேடுகளையும் ஏட்டுச் சுவடிகளுக்கு நிகரான சான்றுகளாக நாம் திரட்டுதல் வேண்டும். பண்டிதரின் நீர்வேலி எழுத்தில் நிலைத்துவிட்டது. தாச்சியைக் கிளறிய கைகளின் நீர்வேலி இனித்தான் எழுதப்பட வேண்டும்.